பதில் வந்த இடம்

இன்று பயிற்சி செய்யப்போவது யார் என்று டிவி கேட்கிறது. திரையில் இரண்டு வட்டங்கள். ஒன்றில் என் முகம், இன்னொன்றில் நான் குகன் என்று கூப்பிடும் நண்பன் குகதாசனின் முகம், தலையில் ஹெல்மெட்டோடு, வாயில் எதையோ மென்றுகொண்டு. போன குளிர்காலம் நாங்கள் இருவரும் சேர்ந்து வாங்கிய பயிற்சித் தொடர் இது. பனியில் சைக்கிளை எடுக்க முடியாதவர்கள் வீட்டுக்குள்ளேயே காலையும் இடுப்பையும் உரமாக்கிக்கொண்டால் வசந்தம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓட்டலாம் என்று விளம்பரத்தில் சொன்னார்கள், ஒரு கணக்கில் இரண்டு பேர் செய்யலாம் என்றார்கள், வாங்கினோம். அவன் முகத்தை எடுத்துவிட வழி இருக்கிறது. அழுத்தினால் நிச்சயமாகவா என்று கேட்கும். ஒருமுறை அதுவரைக்கும் போனேன், நிச்சயமாகவா என்றது, ரிமோட்டைச் சோபாவில் போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். என் முகத்தை அழுத்துகிறேன். சாம்பல் நிறப் பனியன் போட்ட பயிற்சிக்காரி வந்துவிட்டாள், எப்போதும் போல இப்போதுதான் என்னை முதன்முதலாகப் பார்ப்பவளாகச் சிரிக்கிறாள், தோளைச் சுழற்றச் சொல்கிறாள். சுழற்றுகிறேன். வலது தோள் பட்டை நெட்டி முறிகிற சத்தம். ஹீட்டர் தட் தட் என்று அடித்துக்கொள்கிறது, ரப்பர் விரிப்பிலிருந்து பழைய டயர் வாசனை, பால்கனிக் கண்ணாடியின் ஓரங்களில் உறைபனி பூத்திருக்கிறது. அந்தப் பக்கம் பார்க்க வேண்டாம். பார்த்தால் ஏழு மாடிக்குக் கீழே நாற்சந்தி தெரியும், நாற்சந்தியின் இந்த மூலைக் கம்பத்தில் சங்கிலி போட்டுக் கட்டிய வெள்ளைச் சைக்கிள் தெரியும். சைக்கிளில் போனவர் அடிபட்டுச் செத்த இடத்தில் இந்த ஊர்க்காரர்கள் அப்படி ஒன்றை வைக்கிறார்கள், டயர், இருக்கை, மணி எல்லாவற்றுக்கும் வெள்ளை அடித்து. ராத்திரி முழுக்கப் பனி கொட்டியிருக்கிறது. இப்போது அது தெரியாது. வெள்ளைக்குள் வெள்ளை. தெரியாது என்பதற்காகவாவது பார்க்கலாம் என்று ஒரு எண்ணம், அப்படியானால் இன்னும் பார்க்கக் கூடாது என்று இன்னொரு எண்ணம், இதற்குள் அவள் கையை இறக்கி இடுப்பைச் சுழற்றப் போய்விட்டாள், நான் பிந்திவிட்டேன்.

ஸ்குவாட். பின்னால் நாற்காலி இருக்கிறது என்று நம்பி உட்காருங்கள் என்கிறாள். இல்லாத நாற்காலியில் உட்காருவதற்குப் போன வருடம் குகன் என்ன பாடு பட்டான். பக்கத்து விரிப்பில் நின்றுகொண்டு, ஐசே, நாற்காலி இல்லையெண்டு என்ர குண்டிக்குத் தெரியுமே, அதை எப்பிடி ஏமாத்துறது என்றான். நான் சிரித்துச் சிரித்து அப்படியே பின்னால் சரிந்துவிட்டேன், கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் தன் கூரையை இடித்தார். அன்றையிலிருந்து குதிக்கிற பயிற்சி எல்லாவற்றையும் விட்டுவிட்டோம். இப்போது இடுப்பு கீழே போகிறது, தொடை எரிகிறது, முழங்கால் கால்விரலைத் தாண்டக் கூடாது, தாண்டவில்லை. தொடை பருத்துவிட்டது. என் மனைவி வடிவு பழைய கால்சட்டை எல்லாவற்றிலும் தையலைப் பிரித்துவிட்டுத் தருகிறாள், ஒன்றும் கேட்பதில்லை. கேட்டால் சொல்வதற்குப் பதில் வைத்திருக்கிறேன். ஏப்ரல்ல சைக்கிள்ல ஏறணும்ல, அதுக்குத்தான். கடையில் எல்லோரிடமும் அதைத்தான் சொல்கிறேன், நான் மூக்குக்கண்ணாடிக்குச் சில்லு தீட்டுகிற கடை, அங்கே இருக்கிற பெண்கள் கூட, திரு, உன் கால் குதிரைக்கால் மாதிரி ஆகிவிட்டது என்கிறார்கள். லாயத்திலேயே நிற்கிற குதிரை. என் சைக்கிள் பால்கனியில் நீலத் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. செப்டம்பர் கடைசியில் போர்த்தியது. காற்றடித்தால் தார்ப்பாய் உப்பி உப்பித் தணிகிறது, உள்ளே யாரோ மூச்சு விடுகிற மாதிரி. அதை எடுத்து ஓட்டப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே ஏன் கீழே போகிறாய், ஏன் எழுகிறாய். கீழே. எழு. நிறுத்தினால் என்ன ஆகும் என்று தெரியவில்லை, அதனால்.

"சத்தத்தக் கொஞ்சம் குறைங்க" என்று வடிவு உள்ளேயிருந்து குரல் கொடுக்கிறாள். "இந்தப் பொம்பளை எண்ணுறதக் கேட்டா எனக்கு வேலை ஓட மாட்டேங்குது."

"எண்ணலைன்னா எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க?"

என்ன செய்யப் போகிறேன். குறைத்துவிட்டேன். இப்போது பயிற்சிக்காரியின் வாய் மட்டும் அசைகிறது. குகன் எனக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்தவன், அப்படித்தான் பழக்கம். கோவில்பட்டியிலிருந்து வந்து இறங்கிய வருடம், ரோட்டில் வலப்பக்கம் போவது என்பதே தலைகீழாக நடப்பது மாதிரி இருந்த காலம். இந்த ஸ்கார்பரோ ஊரில் பாதித் தமிழர்களுக்கு அவன்தான் பள்ளி. மெள்ள, மெள்ள, பிரேக்கை அமத்துங்கோ, அது உங்கட மாமியாற்ர கழுத்தில்லை. வலது பக்கம் திரும்ப முன்னம் கண்ணாடியை நம்பாதேங்கோ, தோளுக்குப் பின்னால திரும்பிப் பாருங்கோ, அங்க ஒருத்தன் சைக்கிள்ல வருவான். எத்தனை பேருக்கு அதைச் சொல்லியிருப்பான். வலப்பக்கம் திரும்பி இவனை அடித்த அந்த லாரிக்காரன் இவனிடம் படிக்கவில்லை. அந்த லாரிக்காரன் எங்கே படித்தானோ, அவனும் ஒரு வீட்டில் உட்கார்ந்து இந்தக் காலையில் காப்பி குடிப்பான், அல்லது குடிக்க முடியாமல் இருப்பான், அவனைப் பற்றி நினைக்கக் கூடாது, அந்தப் பக்கம் போனால் திரும்பி வர நெடுநேரமாகிறது. மூச்சை உள்ளே இழு. வெளியே விடு.

இனி பிளாங்க். முழங்கையை ஊன்றிக் குப்புறக் கிடந்து உடம்பைப் பலகை போல நிறுத்த வேண்டும், அசையக் கூடாது. இதில்தான் வரும். ஒவ்வொரு முறையும் இதில்தான் வருகிறது, காலுக்கு வேலை இருந்தால் வருவதில்லை, அசையாமல் கிடக்கும்போது வருகிறது. விரிப்பின் புள்ளிகள் கண்ணுக்கு வெகு அருகில். அந்தச் செப்டம்பர் சனிக்கிழமைக் காலை. கட்டட வாசலில் சந்தித்தோம், அவன் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தான், புறப்பட்டோம். நான் முன்னால், அவன் பின்னால், எப்போதும் அப்படித்தான், என் முதுகுக்குப் பின்னால் காற்று கம்மி என்று சொல்வான், நான் அகலம். நாற்சந்தியில் பச்சை. தாண்டினேன். தாண்டும்போது பேசிக்கொண்டிருந்தேனா, தாண்டிய பிறகு பேசத் தொடங்கினேனா. இந்த வருஷம் பனி விழறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடணும் குகன், போன வருஷம் மாதிரி ஜனவரி வரைக்கும் இழுக்கக் கூடாது. இதைத்தான் சொன்னேன். இந்தப் பயிற்சியைப் பற்றித்தான் சொன்னேன். முன்னால் பார்த்தபடி, உரக்க. ஓம் என்றான், அவன் ஊர்ப் பேச்சில் ஆமாம். எனக்குக் கேட்டது. குளிர்ந்த காதுக்குள் அந்த ஓம் எப்படி வந்து விழுந்தது என்பது இப்போதும் இருக்கிறது, இழுக்காமல், சின்னதாக, வேலையாக இருக்கிறவன் சொல்கிற ஓம். பிறகு நான் சொன்னேன், பிளாங்க் மட்டும் நம்மால ஆகாது, அது இருக்கிற நாள் லீவு போட்டுருவோம். பதில் இல்லை. சிரிக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். ஏற்றம் தொடங்கியது, கியரைக் குறைத்தேன், இன்னும் ஏதோ சொன்னேன், கடையில் புதிதாக வந்த மேலாளரைப் பற்றி, நீளமாக. மேட்டில் சர்ச்சுக்கு முன்னால் நின்று திரும்பிப் பார்த்தேன். ரோடு. ஒரு பஸ். அவ்வளவுதான். அவ்வளவு தூரமும் நான் யாருடனும் பேசிக்கொண்டு வரவில்லை.

உடம்பு நடுங்குகிறது. நடுங்கலாம், நடுங்கினால் வேலை செய்கிறது என்று அர்த்தம் என்பாள். அதை நான் தாங்கிக்கொள்வேன், பேசிக்கொண்டே போனதை. தாங்க முடியாதது ஓம். அது எங்கே வந்தது. நாற்சந்திக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா. இந்தப் பக்கம் என்றால் ஒன்றுமில்லை, ஒரு நண்பன் ஓம் என்று சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தான். ஆனால் அந்த ஓம் வந்தபோது எனக்கு ரொட்டிக் கடை வாசனை அடித்தது. இலவங்கப்பட்டையும் வெண்ணெயும் கலந்த சூடான வாசனை. கடை நாற்சந்திக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, பெட்ரோல் பங்கைத் தாண்டி. அங்கே அவன் ஓம் சொல்லியிருக்க முடியாது. அங்கே நான் போவதற்குள் அவன் ரோட்டில் கிடந்துவிட்டான், போலீஸ்காரி அப்படித்தான் சொன்னாள். அப்படியானால் காற்று அன்றைக்கு வடக்கேயிருந்து வந்து வாசனையை இந்தப் பக்கம் தள்ளியிருக்கும். ஆனால் அன்றைக்குக் காற்று இல்லை, டயரை அமுக்கிப் பார்க்கும்போதே சொன்னான், இண்டைக்குக் காத்தில்லை ஐசே, பறக்கலாம். அப்படியானால் வாசனை வேறு நாளுடையது, மனம் இரண்டையும் ஒட்டிவிட்டது. அப்படியானால் ஓம் என்பதும் வேறு நாளுடையதாக இருக்கலாம், அன்றைக்கு அவன் ஒன்றுமே சொல்லாமல் இருந்திருக்கலாம், நான் தொடக்கத்திலிருந்தே தனியாகப் போயிருக்கலாம். இல்லை, கேட்டேன். கேட்டது. போலீஸ்காரி கடைசியாக அவரை எப்போது பார்த்தாய் என்றுதான் கேட்டாள், கடைசியாக எப்போது அவர் பேசியது கேட்டது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா. யாருமே கேட்கவில்லை. ரூபி கேட்கவில்லை. குகனின் மனைவி, கேட்க உரிமை உள்ள ஒரே ஆள், இந்த ஐந்து மாதத்தில் எனக்கு இட்டலி கொடுத்தனுப்பியிருக்கிறாள், சட்டை கொடுத்தனுப்பியிருக்கிறாள், அதை மட்டும் கேட்கவில்லை. முழங்கை வழுக்குகிறது. விழுந்துவிட்டேன். கன்னம் ரப்பரில். பயிற்சிக்காரி இன்னும் பலகையாக நிற்கிறாள், சிரிப்பு மாறாமல், சத்தமில்லாமல் எண்ணிக்கொண்டு.

"ஏங்க" என்கிறாள் வடிவு. எப்போது வந்து பால்கனிக் கண்ணாடியண்டை நின்றாள் என்று தெரியவில்லை. கையில் கரண்டி. "கீழ நிக்கிறது ரூபியா பாருங்க."

பார்க்கிறேன். வேறு வழியில்லை. எல்லாம் வெள்ளை, ரோடு மட்டும் சாம்பல் கோடாக, மூலையில் பனிக் குவியல். குவியலுக்கு முன்னால் ஊதா நிறக் கோட்டு. ரூபிதான். நாற்சந்திக்கு அந்தப் பக்கம் இருப்பவள், வேலைக்குப் போக பஸ் ஏறுவதும் அந்தப் பக்கம்தான், இங்கே வருவதற்கு வேறு காரணமில்லை. மண்வாரியால் குத்துகிறாள், எடுக்கிறாள், வீசுகிறாள், வீசியதில் பாதி காற்றில் திரும்ப அவள் மேலேயே விழுகிறது. ராத்திரி வந்த பனி அள்ளும் வண்டி ரோட்டுப் பனியை எல்லாம் அந்த மூலையில்தான் ஒதுக்கிவிட்டுப் போயிருக்கிறது. அவள் அதற்குள்ளிருந்து சைக்கிளைத் தோண்டிக்கொண்டிருக்கிறாள். போகாதே. நான் அந்த மூலைக்குப் போவதில்லை, கார் நிறுத்தும் பின்வாசல் வழியாக இறங்கிச் சுற்றிக்கொண்டுதான் பஸ்ஸுக்குப் போகிறேன், வடிவுக்கு இது தெரியும், தெரிந்துதான் கோட்டை எடுத்து நீட்டுகிறாள். வியர்வை காயவில்லையே என்கிறேன். காயட்டும் என்கிறாள். லிஃப்டின் கண்ணாடியில் ஒரு மனிதன் அரைக்கால்சட்டையும் பனிச் சப்பாத்துமாக நிற்கிறான், முகம் சிவந்து, கன்னத்தில் ரப்பர் விரிப்பின் புள்ளிகள் பதிந்து.

வெளியே வந்ததும் வியர்வை முதுகில் தகடாக இறுகுகிறது. ரூபி நிமிர்ந்து பார்க்கிறாள். மூக்கு நுனி சிவந்திருக்கிறது. என் முழங்காலைப் பார்க்கிறாள்.

"என்ன அண்ணா, கால்சட்டையில்லாமல்?"

"பயிற்சி செஞ்சுட்டு இருந்தேன்."

"இப்பவும் செய்யிறியளோ?" என்றவள் மண்வாரியை ஊன்றிக்கொள்கிறாள். "அவர் வீட்டிலயும் செய்வார், ஒரே சத்தம். மேசை ஆடும்."

வாரியை வாங்கிக்கொள்கிறேன். குத்துகிறேன். மேலே பொருக்கு, உள்ளே ஈர மாவு போலக் கனம். பத்துக் குத்துக்குள் இருக்கை தெரிகிறது, பிறகு கைப்பிடி, அதில் செருகிய பிளாஸ்டிக் பூ. ரூபி கையுறையால் இருக்கையைத் துடைக்கிறாள். "இது அவர்ட சைக்கிளே இல்லை. ஆரோ ஒரு பொம்பிளையின்ர பழைய சைக்கிள். பூசி வச்சிட்டுப் போட்டாங்கள். முதல்ல எனக்குக் கோவம்தான் வந்தது" என்கிறாள். துடைப்பதை நிறுத்தவில்லை. "இண்டைக்கு விடிய ஜன்னலால பாத்தன், காணேல்லை. உடன வாரியைத் தூக்கிக்கொண்டு வந்திட்டன். இல்லாமல் போனால் நல்லம் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தவள்தான் நான்." நான் தோண்டுகிறேன். தோள் வலிக்கவில்லை, மூச்சு வாங்கவில்லை, இந்த உடம்பு இதற்குத் தயாராக இருக்கிறது, அது எனக்கு வெட்கமாக இருக்கிறது. பின்சக்கரம். அவள் கீழே குனிந்து கம்பிகளுக்கு இடையில் உள்ள பனியை விரலால் நோண்டுகிறாள். முகத்தைக் காட்டாமல் கேட்கிறாள்.

"அண்ணா, அண்டைக்கு அவர் கடைசியா உங்களோட என்ன கதைச்சவர்?"

வாரி பனிக்குள் நிற்கிறது. ரொட்டிக் கடை, பெட்ரோல் பங்க், சர்ச், எல்லாம் ஒரே நேரத்தில் வாய்க்கு வருகிறது. எதையும் சொல்லாமல், "ஓம்னார்" என்கிறேன்.

"என்னத்துக்கு?"

"பனிக்கு முன்னாடியே பயிற்சிய ஆரம்பிக்கணும்னு சொன்னேன். அதுக்கு." நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. "ஆனா ரூபி, எனக்கு அது நாற்சந்தி தாண்டின பிறகு கேட்ட மாதிரி இருக்கு. தாண்டின பிறகு கேட்டிருக்க முடியாது. எனக்குத் தெரியும். ஆனா கேட்டுச்சு."

சொல்லிவிட்டேன். அவள் நிமிர்ந்துவிட்டாள். பைத்தியம் என்று நினைப்பாள், அல்லது அழுவாள், அல்லது அதையும் ஏன் என்னிடம் கொண்டுவந்து போடுகிறாய் என்று கேட்பாள். ஒரு பஸ் போகிறது, சேறு கலந்த பனி எங்கள் சப்பாத்து வரைக்கும் வந்து விழுகிறது. ரூபி சிரிக்கிறாள். சிரிப்புத்தான். வாயைக் கையுறையால் மூடிக்கொள்கிறாள், தோள் குலுங்குகிறது.

"அந்த மனிசன் நித்திரையிலயும் ஓம் எண்டுதான் சொல்லும்" என்கிறாள். "காது குடுத்துக் கேட்டு ஒரு நாளும் சொன்னதில்லை. பால் முடிஞ்சுது எண்டால் ஓம். அம்மாவுக்கு வருத்தமாம் எண்டால் ஓம். ஒருநாள் கோவத்தில நான் உங்களை விட்டிட்டுப் போறன் எண்டு சொன்னன், அதுக்கும் பேப்பரைப் பாத்துக்கொண்டு ஓம் எண்டார்." சிரிப்பு எங்கோ திரும்பிவிட்டது, கண்ணிலிருந்து வழிகிறது, வழிந்தபடியே சொல்கிறாள். "எனக்கும் கேக்கிறது அண்ணா. குசினிக்குள்ள நிண்டு ஏதும் சொன்னால் முன் அறையில ஓம் எண்டு கேக்கிறது. நான் போய்ப் பாக்கிறேல்லை. பாத்தால் இல்லையெண்டு ஆயிடும். கேக்கட்டும் எண்டு விட்டிட்டன்."

கேட்கட்டும் என்று விடுவது. எப்படி விடுவது. ஐந்து மாதமாக நான் அந்த ஒரு சொல்லை ரோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வைத்து வைத்துப் பார்க்கிறேன், இவள் அதைச் சமையலறைக்குள் குடி வைத்துவிட்டாள். பொறாமையாகக் கூட இருக்கிறது. சைக்கிள் முழுவதும் வெளியே வந்துவிட்டது. அழுக்கு வெள்ளை, பனிக்கு முன்னால் மஞ்சளாகவே தெரிகிறது. ரூபி வாரியை வாங்கிக்கொண்டு, வேலைக்கு நேரமாகுது என்கிறாள். நடப்பவர்களுக்கான வெள்ளை விளக்கு எரிகிறது. அவள் கல்விளிம்பில் ஒரு காலை வைத்து நிற்கிறாள். வலப்பக்கம் திரும்புவதற்காக ஒரு லாரி வந்து நிற்கிறது. ஓட்டுபவர் கையைக் காட்டுகிறார், போங்கள் என்று. அவள் போகவில்லை. லாரியும் போகவில்லை. அதன் சக்கரம் அவள் இடுப்பு உயரம். வாரியின் பிடியை அவள் கை இறுக்குவது தெரிகிறது, பின்வாசலுக்குப் போய்விடு என்று கால் சொல்கிறது. போய் அவள் பக்கத்தில் நிற்கிறேன். லாரிக்கும் அவளுக்கும் நடுவில். வாங்க என்கிறேன். என் குரல் மாதிரி இல்லை. நடக்கிறோம். லாரியின் எஞ்சின் சூடு ஒரு பக்கத்துக் கன்னத்தில் படுகிறது, டீசல் வாசனை, நான் அதைப் பார்க்கவில்லை, அவள் முழங்கையைப் பிடித்திருக்கிறேனா அவள் என் கையைப் பிடித்திருக்கிறாளா தெரியவில்லை. அந்தக் கரையில் வண்டி ஒதுக்கிய பனி மதில் மாதிரி நிற்கிறது. ஒரு காலை உயரே ஊன்றி, எம்பி ஏறி, திரும்பி அவளைத் தூக்கிவிடுகிறேன். எளிதாக வருகிறாள். லாரி எங்களுக்குப் பின்னால் மெதுவாகத் திரும்பிப் போகிறது. யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

"வடிவக்காவைக் கேட்டதெண்டு சொல்லுங்கோ. கால்சட்டையைப் போடுங்கோ, விறைச்சுப் போவியள்" என்கிறாள் ரூபி. மண்வாரியைத் தோளில் வைத்துக்கொண்டு, வழுக்கும் நடைபாதையில் சின்னச் சின்ன அடியாக வைத்துப் போகிறாள். திரும்பிப் பார்க்கவில்லை.

இனி நான் தனியாகத் திரும்ப வேண்டும். விளக்கு வருகிறது, போகிறது. மறுபடி வருகிறது. இந்தப் பக்கம் நின்று பார்த்தால் என் பால்கனி தெரிகிறது, அங்கே கரண்டியோடு வடிவு, கையை அசைக்கவில்லை, நின்று பார்க்கிறாள். இறங்குகிறேன். உப்புக் கற்கள் காலடியில் நொறுங்குகின்றன. நடு ரோட்டில் வடக்கே ஒரு பார்வை போகிறது, போகக் கூடாது என்று நான் சொல்வதற்கு முன்பே போய்விட்டது. ரோடு ஏறிப் போகிறது, ஓரத்தில் கருப்பாக ஒரு சக்கரம் போகும் அகலம் மட்டும் பனி உருகியிருக்கிறது, எதிர்காற்று கண்ணில் நீர் வரவைக்கிறது. இந்தக் காற்றில் சர்ச் வரைக்கும் பெரிய பல்சக்கரத்தில் ஏற முடியாது, பெட்ரோல் பங்கிலேயே குறைத்துவிட வேண்டும், எழுந்து மிதிக்கக் கூடாது, உட்கார்ந்தே மிதித்தால் தொடை தாங்கும். யார் இதைக் கணக்குப் போடுவது என்று திடுக்கிட்டு நிற்கிறேன். நான்தான். வலது கை விரல்கள் கோட்டுப் பைக்குள் கியரைத் தேடிக்கொண்டிருக்கின்றன. ஒரு கார் நின்று காத்திருக்கிறது. கையை உயர்த்தி அதற்கு நன்றி சொல்லிவிட்டு நடக்கிறேன்.